ஒன்பதாம் நாள் முகம்

கிட்ட வாருங்கள் பிள்ளைகள். இன்னும் கொஞ்சம். கரண்ட் இப்போதைக்கு வராது. இந்த மழைக்குள் எவன் கம்பத்தில் ஏறப்போகிறான்? கதவைச் சாத்திவிடுங்கள், காற்றுக்கு விளக்கு அணைந்துவிடும். சின்னவர்கள் நடுவில் இருங்கள். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்கலாம், குற்றமில்லை. பிடிக்க முன் அது யாருடைய கை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்... சரி. இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை தருகிறேன். நான் கட்டினதல்ல. நடந்தது.

நேரம் பின்னேரம் ஆறே முக்கால். மாதம் போன கார்த்திகை. இடம் உட்துறைமுக வீதி.

அந்த வீதியை உங்களுக்குத் தெரியும். பகலில் பஸ்ஸும் லொறியுமாக இருக்கும். மழை நாளில் ஆறு மணி தாண்டினால் நாய்கூட நிற்காது. ஒரு பக்கம் துறைமுகத் தண்ணீர்... கறுப்பு, அசைவில்லை. மற்றப் பக்கம் நீட்டுக்கு மதில். நடுவில் ஒரு பெண்பிள்ளை தனியே நடந்து வருகிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

டக்... டக்... டக்... டக்...

ஒரே அளவு. சப்பாத்துக் குதி தரையில் தட்டுகிற மாதிரி. ஆனால் நடக்கிற சத்தம் என்றால் ஒன்றில் கிட்ட வரவேண்டும், அல்லது தூரப் போகவேண்டும். இது இரண்டும் செய்யவில்லை. வளைவில் ஓட்டோவை நிறுத்திவிட்டு மழை விடும்வரை காத்திருந்த ஜவாஹிர் கேட்டான். தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். பெண்பிள்ளை வருகிறாள். பின்னால் யாரும் இல்லை. சத்தம் மட்டும் அவளோடு கூட வருகிறது.

அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. நல்ல துணிச்சல்காரி என்று நினைத்தானாம் ஜவாஹிர். துணிச்சல் இல்லை பிள்ளைகள். அவளுக்குக் காது கேட்காது.

பெயர் சுலக்ஷனா. என் சிநேகிதி ஐவியின் தங்கச்சி மகள். ஐவியைத் தெரியும்தானே, வேதக் கோயிலில் முன் வாங்கில் இருந்து எல்லாருக்கும் முன்னம் பாட்டை முடித்துவிடுகிறவள். அவள் வாயால் கேட்ட கதைதான் இது. சுலக்ஷனாவுக்கு மூன்று வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. உயிரை மட்டும் மிச்சம் விட்டுக் காதைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு பிள்ளை வாய்களைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். உதடு அசைந்தால் போதும், முழுக் கதையும் பிடிப்பாள். கோயில் முற்றத்தின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து வம்பை அறிந்துவிடுவாள். ஆகையால் அவள் வந்தால் நாங்கள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கதைப்போம். அது இன்னும் மோசம். நேரே வந்து, அந்தக் கரகரத்த குரலில், "என்னைப் பத்தித்தானே, மாமி?" என்று கேட்பாள்.

போன ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை றெக்சன், டச் பே கரையில் கடற்தொழில். லாபிர் என்ற பொடியனோடு கூட்டுச் சேர்ந்து ஒரு பைபர் வள்ளம் வைத்திருந்தான். மத்தியானம் தூண்டிலோடு வெளிக்கிட்டால் விளக்கு வைக்கிற நேரம் கரைக்கு வந்துவிடுவார்கள். புதுப் பெண்சாதி அல்லவா, அந்த நேரத்துக்கு இவள் போய்க் கரையில் நிற்பாள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். கரையில் ஒரு பெண் நின்றால், முதலில் வந்த வள்ளக்காரர் அவள் கேட்க முன்னமே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார்கள். "பின்னால வருது." கண்டாலும் அதுதான், காணாவிட்டாலும் அதுதான். நின்றுகொண்டிருப்பவளுக்குக் கொடுக்கிற ஒரு மிடறு தண்ணீர் மாதிரி. 'வராது' என்ற சொல்லை மட்டும் அந்த மணலில் யாரும் சொல்லமாட்டார்கள். அதுவும் தன் ஆள் கடலில் இருக்கும்போது இன்னொருத்தியின் ஆளைப் பற்றி ஒருத்தி அதைச் சொன்னால், சொன்னவளின் வீட்டுக்குத்தான் அது திரும்பி வரும் என்பார்கள். என் காலத்தில் ஒருத்தியும் சொல்லிக் கேட்டதில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

உவர்மலையில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். சாமான் அறைக்குள் இரும்புப் பெட்டி ஒன்று. அதற்குள் ஒன்பது வட்டத் தகர டின்கள், ஒரு கொப்பி. டின்களுக்குள் பிலிம் சுருள். ஊமைப் படம், பிள்ளைகள். நூறு வருடத்துக்குக் கிட்ட. எடுத்தவர் பெயர் இராசநாயகம், அந்த வீட்டுக்காரரின் மகன். கரைச் சனம் துரை என்று கூப்பிட்டிருக்கிறது. கல்கத்தாவுக்குப் படிக்கப் போனவர் படிப்பை விட்டுவிட்டு, கையால் சுற்றுகிற கமெரா ஒன்றோடு திரும்பி வந்தாராம். 'கரையில் நின்றவள்' என்று படத்துக்குப் பெயர் வைத்தார். அந்தப் படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. முடியவில்லை, அதனால் காட்டவில்லை.

வெளிநாட்டில் பழைய படங்களைக் காப்பாற்றுகிற ஒரு சபை அதைக் கேட்டது. ஊரில் கலியாண வீடியோ எடுக்கிற நிலக்சனிடம் அந்த வேலை வந்தது. சுருளை ஓட்டக்கூடாது, சூடு பட்டால் பற்றி எரிகிற சாதிப் பிலிம். ஒவ்வொரு கட்டமாக லைட்டில் வைத்துப் படம் பிடித்து, கொம்பியூட்டரில் சேர்த்து ஓடவிட வேண்டும். இரண்டு மாதம் இருந்து செய்தான் பாவம். எல்லாம் சேர்ந்தபோது ஒரு சிக்கல். ஊமைப் படம் என்றால் இடையிடையே எழுத்துப் பலகை வரும்தானே, அவர் என்ன சொன்னார், இவள் என்ன சொன்னாள் என்று? இதில் ஒன்றுகூட இல்லை. ஆட்கள் வாயைத் திறந்து திறந்து கதைக்கிறார்கள். என்ன கதை என்று தெரியாது. அப்போதுதான் யாரோ அவனுக்கு சுலக்ஷனாவைப் பற்றிச் சொன்னார்கள்.

ஏன் எழுத்து இல்லை என்பது கொப்பியில் இருந்தது. துரையின் கையெழுத்து, குண்டு குண்டாக, அழகு. "எழுத்துப் பலகை வேண்டாம். எழுத்து வாசிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும், முகம் எல்லாருக்கும்." இன்னொரு இடத்தில், "நடிகர் வேண்டாம். நடிக்கப் பழகிய முகம் பூட்டிய வீடு." அப்படிப்பட்ட மனிதர். அவர் கரையில் இருந்த உண்மையான ஒரு புருசன் பெண்சாதியைப் பிடித்தார். கோணாமலை, வள்ளிப்பிள்ளை. கமெராவையும் தானே சுற்றினார். கைப்பிடி ஒரு நொடிக்கு இரண்டு சுற்று, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அளவு பிசகாமல் இருக்கச் சப்பாத்துக் குதியால் தரையில் தட்டிக்கொண்டே சுற்றுவாராம். அதையும் எழுதியிருந்தார். "குதி பிசகினால் கை பிசகும், கை பிசகினால் காலம் பிசகும்."

டக்... டக்... டக்... விளங்குகிறதா?

நாளுக்கு ஒரு டின் என்று ஒன்பது நாள் வேலை. சுலக்ஷனா பார்ப்பாள், வாயில் வருவதைச் சொல்வாள், நிலக்சன் எழுதுவான்.

முதல் இரண்டு நாளும் சிரிப்பு. வள்ளிப்பிள்ளையும் கோணாமலையும் வலை பிரிக்கிறார்கள். பார்த்தால் ஏதோ ஆழமான கதை கதைக்கிற மாதிரி முகம். சுலக்ஷனா வாசித்தால், கோணாமலை சொல்கிறான், "துரையின்ர மீசையைப் பார், எலி வால் மாதிரி." வள்ளிப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வயித்தை உள்ள இழு. நூறு வருசத்துக்கு நிக்குமாம் இந்தப் படம்" என்கிறாள். நிலக்சன் விழுந்து விழுந்து சிரித்தானாம். சத்தம் இல்லாத படம் அல்லவா, என்னத்தைச் சொன்னாலும் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள், பாவங்கள்.

மூன்றாம் நாள் கோணாமலை கடலுக்குப் போகிறான். கார்த்திகை மாதத்து வானம், கறுத்துக் கிடக்கிறது. துரைக்கு அந்த வானம் வேண்டியிருந்தது. வள்ளம் அலையில் ஏறி, இறங்கி, ஏறி... இல்லாமல் போகிறது.

நாலாம் நாள் தொடக்கம் அவள் கரையில் நிற்கிறாள். அவ்வளவுதான் படம். நிற்கிறாள். வள்ளங்கள் வருகின்றன. ஒவ்வொருவரிடமும் கேட்கிறாள், "கண்டனீங்களோ?" ஒவ்வொருவரும் சொல்கிறார்கள், "பின்னால வருது." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஆறாம் நாள் சுலக்ஷனா வள்ளிப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், தூரத்தில், வலைக் குவியலுக்குப் பக்கத்தில் இரண்டு கிழவர்கள். கடுகு அளவு முகங்கள். நிலக்சனைப் பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கினான். அவள் வாசித்தாள். முதலில் ஒருவர்: "நிலாவெளியில ஒதுங்கினதாம். அங்கயே புதைச்சாச்சு." மற்றவர்: "எப்ப?" "போய் மூண்டாம் நாள்." "இவளுக்கு ஆர் சொல்லுறது?" முதலாமவர் கமெராப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "துரை சொல்லக்கூடாது எண்டவர். படம் முடியட்டுமாம்."

... கேட்டீர்களா பிள்ளைகள்? அவளுடைய புருசன் செத்து, மண்ணுக்குள் போய்விட்டான். ஊருக்குத் தெரியும். துரைக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் துரைக்கு அந்தக் காத்திருக்கிற முகம் வேண்டும். தெரிந்துவிட்டால் முகம் மாறிவிடும்.

நூறு வருடமாக எவருக்கும் தெரியாமல் அந்தச் சுருளுக்குள் கிடந்தது அது. காது கேட்கிற எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

சுலக்ஷனா அழுதுவிட்டாள். அந்த நேரம் பார்த்து வள்ளிப்பிள்ளையின் முகம் திரை முழுக்க வந்தது. உப்புக் காற்றில் வெடித்த உதடு. கேட்டாள், "கண்டனீங்களோ?"

எங்கள் பிள்ளை யோசிக்கவில்லை. கரையில் வாழ்க்கைப்பட்டவள், வாய்ப் பழக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

"பின்னால வருது."

திரையில் வள்ளிப்பிள்ளை சிரித்தாள்.

நிலக்சன் நிறுத்தினான். திருப்பிப் போட்டான். திரும்பவும் சிரிப்பு. அந்தக் கட்டங்கள் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பிடித்தவன் அவன். அப்படி ஒரு சிரிப்பை அவன் பிடிக்கவேயில்லை. அறைக்குள் ஒரு வாசம் வந்தது. கற்பூரம்... புளித்துப்போன கற்பூரம். பழைய பிலிமுக்கு அந்த மணம் உண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டானாம். ஆனால் டின்கள் எல்லாம் மூடியிருந்தன.

அன்றைக்குப் பின்னேரம்தான் ஜவாஹிர் அந்தச் சத்தத்தைக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை, ஆனால் தெரிந்தது. உள்ளங்காலில் தெரிந்தது. தார் ரோட்டுக்குள்ளால் ஏதோ தட்டுகிறது, அளவாக. பீச் பக்கம் திரும்பும் இடத்தில் மான்கள் நின்றன, குப்பைக் கடதாசி தின்கிற நம்முடைய ஊர் மான்கள்தான். ஆளைக் கண்டால் அசையாத சாதி. ஏழெட்டும் ஒரேயடியாகத் தலையைத் தூக்கின. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தன. பிறகு ஓடின.

ஏழாம் நாள் டின். வள்ளிப்பிள்ளை கடலைப் பார்க்கவில்லை, வருகிறவர்களிடம் கேட்கவில்லை. நேரே இங்கே பார்த்தாள். உதடு அசைந்தது.

"எவ்வளவு தூரத்தில?"

சுலக்ஷனா அதை நிலக்சனுக்குச் சொல்லவில்லை. எட்டாம் நாள் திரும்பவும், இன்னும் கிட்ட நின்று, "எவ்வளவு தூரத்தில, பிள்ளை? நீதானே சொன்னனீ?"

அன்றைக்குச் சொன்னாள். நிலக்சன் வெளிறிப்போனான். கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கங்களைக் காட்டினான். இதற்கு முன் அவன் அதைக் காட்டவில்லை, காட்டப் பயம். துரை எழுதியிருந்தார்:

"ஐந்து நாள் காத்திருப்பு கிடைத்துவிட்டது. இப்படி ஒரு முகத்தை உலகத்தில் எவரும் பிடித்ததில்லை. நாளை, ஒன்பதாம் நாள், நானே கமெராவின் முன் வைத்து அவளுக்குச் செய்தியைச் சொல்வேன். கேட்கும்போது அந்த முகத்தில் வருவதுதான் என் படம். மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை."

அடுத்த பக்கம். "ஒன்பதாம் நாள். அவளைக் காணவில்லை. இரவில் கடலுக்குள் இறங்கிவிட்டாள் என்கிறார்கள். என் படம் முடியவில்லை."

அவள் செத்துப்போனாள் என்று எழுதவில்லை பிள்ளைகள். படம் முடியவில்லை என்று எழுதினார். அதற்குப் பிறகு வெறும் தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் சுலக்ஷனா போகமாட்டேன் என்றுதான் இருந்தாள். றெக்சன் மத்தியானம் வெளிக்கிட்டான். "இண்டைக்கு நிண்டால் என்ன?" என்று கேட்டாளாம். கடல் நல்லாக் கிடக்குது, விளக்கு வைக்க முன்னம் போட்டு வாறன் என்று சொல்லி, அவள் மூக்கைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போனான். வீட்டில் தனியே இருக்கப் பயம். உவர்மலைக்கு, நிலக்சனின் அறைக்கே போனாள்.

கடைசி டின். வெறும் கரை. மணல், அலை, வானம். ஒருவரும் இல்லை. அது சரிதான், அன்றைக்கு அவள் இல்லையே. ஆனால் நிலக்சன் எட்டாம் டின்னைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். அதிலும் வெறும் கரை. ஏழு... ஆறு... வலைக் குவியல் இருக்கிறது, கிழவர்கள் இருக்கிறார்கள். நடுவில் அவள் நின்ற இடம் மட்டும் வெறுமை. மணலில் இரண்டு காலடி. அந்தக் காலடிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

சுலக்ஷனா எழும்பி ஓடினாள்.

ஜவாஹிரின் ஓட்டோவில்தான் கரைக்கு வந்து இறங்கினாள். ஆறரை. மழை இல்லை, காற்றும் இல்லை. மற்ற வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. றெக்சனின் வள்ளம் இல்லை. கடைசியாக வந்த நாலு பேர் மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் கேட்கவில்லை. அவர்களே சொன்னார்கள்.

"பின்னால வருது."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவள் அவர்களின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து அடி போனதும் ஒருவன் மற்றவனிடம் சொன்னான், இவளுக்குக் கேட்காது என்ற தைரியத்தில். "எஞ்சின் சத்தம் எப்பவோ நிண்டிட்டுது. லைட்டையும் காணேல்ல."

பிறகு கரையில் ஒருவரும் இல்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. மணி ஆறே முக்கால். முதலில் வாசம் வந்தது... கற்பூரம், புளித்தது. பிறகு இடது தோளில் ஒரு குளிர். ஐஸ் பெட்டி திறந்தால் வருமே, அப்படி. அவள் கண்ணை மட்டும் திருப்பினாள். பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாள். ஈரச் சேலை. படத்தில் வெள்ளையும் சாம்பலுமாக இருந்தவள் நேரிலும் வெள்ளையும் சாம்பலும்தான். நிறம் இல்லை. கடலைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மெல்லத் திரும்பினாள்.

"எவ்வளவு தூரத்தில?"

அதே கணம் உள்ளங்காலில் தெரிந்தது. மணலுக்குள்ளால். டக்... டக்... டக்... டக்... நேர் பின்னால். பத்துப் பாகம், அறுபதடி தள்ளி. ஒரு நொடிக்கு இரண்டு.

அப்போதுதான் பிள்ளைக்கு எல்லாம் விளங்கியது. வள்ளிப்பிள்ளை அவளைப் பிடிக்க வரவில்லை. அவள் பாவம், நம்பி வந்தவள். பின்னால் நிற்கிற துரைதான் இருவரையும் பிடித்து வைத்திருக்கிறார். இப்போது அவருக்கு ஒரு முகமல்ல, இரண்டு முகம். ஒருத்தி காத்து நிற்கிறாள், பக்கத்தில் இன்னொருத்தியும் காத்து நிற்கிறாள். இது நீடிக்கவேண்டும் என்றால் றெக்சன் வரக்கூடாது.

யோசித்துப் பாருங்கள், என்ன செய்வாள்? திரும்பவும் 'பின்னால வருது' என்றால் இந்த நிற்பு முடியாது. இன்றைக்கு முடியாது, நாளைக்கு முடியாது. வள்ளம் கடலிலேயே நிற்கும். உண்மையைச் சொன்னால்... தன் புருசன் கடலில் இருக்க, அந்தக் கரையில், அந்தச் சொல்லைச் சொன்னவள் ஆவாள். அதுவும் போகட்டும். உண்மையைச் சொன்னால் கேட்கிறவளின் முகம் மாறும். அந்த முகத்துக்குத்தானே துரை நூறு வருடமாகக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

டக்... டக்... டக்... கொஞ்சம் வேகம் கூடியது போல இருந்தது. ஆசை வந்தால் குதியும் பிசகும் போல.

எங்கள் பிள்ளை கழுத்தில் கிடந்த சால்வையை எடுத்தாள். கமெராப் பக்கம் முதுகைக் கொடுத்து, வள்ளிப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றாள். சால்வையை விரித்து அந்தத் தலையையும் தன் தலையையும் சேர்த்து மூடினாள், மழைக்கு இரண்டு பேர் ஒரு குடைக்குள் நிற்கிற மாதிரி. உள்ளே இருட்டு. ஈரமும் கற்பூரமும். மூக்கோடு மூக்கு. தன்னுடைய வாயை அவள் காணமாட்டாளே என்று நினைத்து, குரலால் சொன்னாள். தனக்கே கேட்காத குரல்.

"அக்கா... அவர் வரமாட்டார். போய் மூண்டாம் நாளே நிலாவெளியில புதைச்சிட்டினம். எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லாம விட்டிட்டினம். நானும் பொய் சொல்லிப்போட்டன்."

ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம்.

பிறகு அந்தத் தலை அவள் தோளில் சாய்ந்தது. பாரமாக... ஈர வலை மாதிரிப் பாரம். அப்போது, பிள்ளைகள், மூன்று வயதுக்குப் பிறகு ஒரு சத்தமும் அறியாத அந்தப் பெண்பிள்ளைக்கு ஒரு சத்தம் கேட்டது. ஐவி எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தாள், எப்படி இருந்தது என்று. அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சத்தத்துக்கு அவளிடம் சொல் இல்லையே. கையை நெஞ்சில் வைத்து, மெல்ல மேலே கொண்டுபோய், விரல்களை விரித்துக் காட்டினாளாம். அவ்வளவுதான். நூறு வருடம் அழாமல் வைத்திருந்த அழுகை.

அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் தட்டுவது தடுமாறியது. டக்... டக்-டக்... டக்... நின்றது.

சால்வை ஆள் இல்லாமல் மணலில் விழுந்தது. சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. அவள் தலை நிமிர்ந்தபோது கடலில் ஒரு லைட். றெக்சன்.

அவனும் லாபிரும் கரையேறிய பிறகு சொன்ன கதையும் நல்ல கதையில்லை. ஆறு மணி போல எஞ்சின் நின்றதாம். அதோடு லைட்டும் செத்துவிட்டது. நங்கூரம் போடவில்லை. ஆனால் வள்ளம் இழுபடவில்லை. "அலை அடிக்குது மச்சாள், வள்ளம் ஆடேல்ல" என்றான் லாபிர். "படத்தில நிக்கிற வள்ளம் மாதிரி நிண்டது." அவன் தெரிந்ததெல்லாம் ஓதினானாம். கரை கண்ணுக்குத் தெரிந்தது. கரையில் இரண்டு பெண்கள் நிற்பதும் தெரிந்தது. ஒருத்தி சுலக்ஷனா. மற்றவள் யார் என்று றெக்சன் பெண்சாதியிடம் கேட்டான். அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய விடவில்லை.

அடுத்த நாள் அவள் அவனைக் கடலுக்குப் போகவிடவில்லை. பிறகு இரண்டு பேருமாக நிலாவெளிக்குப் போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? கரையோரம் ஒரு தாழம்புதருக்குக் கீழே இரண்டு மெழுகுதிரி கொளுத்தி, பக்கத்தில் கற்பூரமும் கொளுத்தினாள். கோணாமலையும் வள்ளிப்பிள்ளையும் சைவக்காரர் அல்லவா.

நிலக்சன் பயந்து டின்களை அனுப்பிவிட்டான். அனுப்ப முன் ஒன்பதாம் சுருளை ஒரு தரம் லைட்டில் பிடித்துப் பார்த்தான். வால் முனையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அவன் முன்னம் பிடிக்காத கட்டங்கள். அதே கரை. ஒரு பெண்ணின் முதுகு. சுரிதார், பின்னல், பின்னலில் பிளாஸ்டிக் கிளிப். விரித்த சால்வை. சால்வைக்குள் யார் என்று தெரியவில்லை. முகமே இல்லை. கடைசிக் கட்டம் வரை சால்வைதான்.

நல்லது என்று நினைத்தேன் நான், ஐவி இதைச் சொன்னபோது. பிள்ளை துரையை வென்றுவிட்டாள் என்று. கதை இதோடு முடிந்திருந்தால் நானும் உங்களுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

கொப்பி பார்சலில் போகவில்லை. மறந்துபோய் நிலக்சனின் அலுமாரிக்குள் கிடந்தது. போன கிழமை எடுத்தான். ஐவியும் நானும் போயிருந்தோம், பார்க்கவேண்டும் என்று நான்தான் கரைச்சல் கொடுத்தேன். நான் பள்ளிக்கூடம் போகாதவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் அதை வாசிக்க எனக்கு நேரம் எடுக்கவில்லை. "என் படம் முடியவில்லை" என்று இருந்ததல்லவா, அதற்குக் கீழே வெறும் தாளாக இருந்ததல்லவா? இப்போது இரண்டு வரி. அதே குண்டுக் கையெழுத்து.

"சால்வையால் மறைத்துவிட்டாள். முகம் கிடைக்கவில்லை.
இன்னொரு கரையில் இன்னொருத்தியை வைத்து எடுக்க வேண்டும்."

நிலக்சன் விரலை வைத்துப் பார்த்தான். மை ஒட்டியது.

...

பயப்படாதீர்கள். அது கூரையில் மழை. மழைதான், பிள்ளைகள். ஒரே அளவாகத்தான் சொட்டும் சில நேரம். கிட்ட வாருங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து கடலுக்குப் போனவர்களும், ரோட்டுக்குப் போனவர்களும், கடல் தாண்டிப் போனவர்களும் விளக்கு வைக்க முன்னம் வந்து சேரட்டும். உங்கள் குசினியில் அவர்களுக்கு மூடி வைத்த சோறு ஆறாமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் ஒருவரும் காத்து நிற்கவேண்டி வராதிருக்கட்டும். வந்தாலும், உண்மையைச் சொல்ல ஒரு வாயும், சொல்லும்போது முகத்தை மூட ஒரு சால்வையும் உங்களுக்குக் கிடைக்கட்டும்.